பத்து வருடப் பழைய காரை வைத்துக்கொள்வதா, புதிது வாங்குவதா?

"ரிப்பேர் செலவு கூடிக்கொண்டே போகிறது, பேசாமல் புதுக் கார் வாங்கிவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் பழையதையே வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.

முக்கியக் காரணம் தேய்மானம். புதுக் காரின் மதிப்பு வேகமாகச் சரிவது முதல் சில ஆண்டுகளில்தான். உங்கள் கார் அந்த இழப்பை எப்போதோ தாண்டிவிட்டது. பெரிய பில்லைப் பார்த்ததும் மனசு பதறும், சரி. ஆனால் அதைக் காரின் விற்பனை விலையோடு ஒப்பிடாதீர்கள். புதுக் காருக்கு ஒரு வருடத்தில் ஆகும் கடன் வட்டி, கூடுதல் காப்பீடு, மதிப்பிழப்பு மூன்றையும் கூட்டி, அதோடு ஒப்பிடுங்கள்.

கிளட்ச், சஸ்பென்ஷன், ரேடியேட்டர் எல்லாம் மாற்றக்கூடியவை. இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றுவதை மட்டும் தள்ளிப்போடவே கூடாது. அது அறுந்தால் பல இன்ஜின்களில் பிஸ்டன் வால்வில் மோதும். அப்புறம் இன்ஜினையே பிரிக்க வேண்டியதுதான். காரின் அடிச்சட்டமான சேசிஸைத் துரு அரித்திருந்தால் கதை வேறு. விபத்தில் மோதலைத் தாங்குவதே அந்தச் சட்டம்தான், அந்த நிலையில் காரை விட்டுவிடுங்கள்.

பாதுகாப்பில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கார் சறுக்கும்போது தேவையான சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து நேர்ப்படுத்தும் அமைப்பு இஎஸ்சி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 முதல் எல்லாப் புதுக் கார்களிலும் அது கட்டாயம். உங்கள் காரில் அதுவும் ஏர்பேக்கும் இல்லாமல், குழந்தைகளோடு அடிக்கடி நெடுஞ்சாலையில் போகிறீர்கள் என்றால் மாற்றிவிடுங்கள். அதற்கும் ஷோரூம் கார்தான் வேண்டும் என்றில்லை. இவை உள்ள மூன்று, நான்கு வருடக் கார் போதும்.