வயித்துல குழந்தையோட வெளிநாடு போறவங்க கையில என்னென்ன பேப்பர் இருக்கணும்? கேளுங்க, சொல்றேன்

பிரசவ வார்டுல பல வருஷம் நர்ஸா வேலை பார்த்தவ நான். வேற நாட்டுல இருந்து வந்த இடத்துல திடீர்னு வலி எடுத்தோ ரத்தம் பட்டோ அர்த்த ராத்திரில வந்து சேர்ந்த பொண்ணுங்கள நிறைய பார்த்திருக்கேன். கையில சரியான ஒரு தாள் இருந்தா எங்க வேலை எவ்ளோ சீக்கிரம் ஆரம்பிக்கும்னு தெரியும், இல்லாதப்போ எவ்ளோ நேரம் போகும்னும் தெரியும். அதனால தான் இந்த கேள்வி பதில். உங்க உடம்புக்கு பயணம் சரியா வருமானு சொல்ல வேண்டியது உங்க டாக்டர், நான் ரெக்கார்டு பத்தி மட்டும் சொல்றேன்.

கேள்வி: சிஸ்டர், எனக்கு 5 மாசம், அடுத்த மாசம் கிளம்பறேன். இப்பவே ஃபைல் இவ்ளோ தடி ஆயிடுச்சு. எல்லாத்தையும் தூக்கிட்டு போகணுமா?

பதில்: ஃபைல் வரட்டும்மா, ஆனா அதுக்கு மேல ஒரே ஒரு தாள் வேணும், அது தான் உயிர். டூட்டியில இருக்கற டாக்டர் உங்கள முன்ன பின்ன பார்த்ததே இல்ல, நீங்க வலியில துடிச்சிட்டு இருப்பீங்க, அப்போ 60 பக்கத்த யாரு புரட்டறது சொல்லுங்க. அதனால கிளம்பறதுக்கு முந்தின செக்கப்ல உங்க டாக்டர்கிட்ட ஒரு பக்க சுருக்கம் எழுதி வாங்கிடுங்க, கையெழுத்து, சீல், அவங்க பதிவு எண், கூப்பிட்டா எடுக்கற ஃபோன் நம்பர் எல்லாம் அதுல இருக்கணும்.

அந்த தாள்ல உங்க பேர் பாஸ்போர்ட்ல இருக்கற அதே ஸ்பெல்லிங்ல இருக்கணும். அப்புறம் எத்தனையாவது கர்ப்பம், முன்னாடி பிரசவமோ கருச்சிதைவோ எப்படி நடந்தது, ரத்த குரூப், கடைசியா பார்த்த ஹீமோகுளோபின், பிரஷர், சுகர், எச்ஐவி ஹெபடைடிஸ் பி சிபிலிஸ் டெஸ்ட் முடிவு, நச்சுக்கொடி மேல இருக்கா கீழ இருக்கா, தினமும் போடற மாத்திரை டோஸோட, அலர்ஜி. அலர்ஜினு சும்மா எழுதிட்டு விடாதீங்க, பென்சிலின் போட்டா உடம்பு தடிச்சதா இல்ல மூச்சு திணறுச்சா, அதையும் எழுதுங்க, ரெண்டும் ஒண்ணில்ல.

பிரசவ தேதி பத்தி தனியா சொல்றேன். தேதிய 05/06னு நம்பர்ல எழுதினா ஒரு நாட்டுல அது ஜூன் 5, இன்னொரு நாட்டுல மே 6. ஒரு மாசம் போச்சு! குறைமாசத்துல வலி வந்தா குழந்தையோட நுரையீரலுக்காக ஸ்டீராய்டு ஊசி போடணுமா, குழந்தைக்கு ஐசியு இருக்கற ஆஸ்பத்திரிக்கு மாத்தணுமானு எல்லாமே எத்தனை வாரம்ங்கறத வச்சு தான் முடிவு பண்ணுவோம். அதனால மாசத்த எழுத்துல எழுத சொல்லுங்க. முதல் 3 மாசத்துல எடுத்த ஸ்கேன் தான் வாரக் கணக்குக்கு ரொம்ப நம்பகமானது, அந்த ரிப்போர்ட்ட மட்டும் எக்காரணம் கொண்டும் வீட்ல வச்சிட்டு போயிடாதீங்க.

இன்னொண்ணு, கர்ப்பப்பை வாயில தையல் போட்டிருந்தா கண்டிப்பா எழுதணும். ஒரு தடவை வலியோட வந்த பொண்ணு கையில ஃபைல் பெருசா இருந்தது, ஆனா தையல் போட்ட விஷயம் அதுல எங்கயோ உள்ள ஒளிஞ்சிருந்தது, நாங்க பரிசோதிச்சப்போ தான் தெரிஞ்சது. வலி வந்துட்டா அந்தத் தையல சீக்கிரம் எடுக்கணும், இல்லனா கர்ப்பப்பை வாய் கிழியலாம். அன்னிக்கு பட்ட பதட்டம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு, அதான் இவ்ளோ அழுத்தி சொல்றேன்.

கேள்வி: ஸ்கேன்ல குழந்தை படம் இருக்குல்ல, அது போதாதா?

பதில்: படம் உங்களுக்கு, ரிப்போர்ட் எங்களுக்கு. அதோட அந்த பளபள பேப்பர் சூடு பட்டா மங்கிடும், ஜெராக்ஸ் எடுத்து வச்சுக்கோங்க. 18லிருந்து 22 வாரத்துக்குள்ள எடுக்கற பெரிய ஸ்கேன் ரிப்போர்ட் இருந்தா ரொம்ப நல்லது, நச்சுக்கொடி கர்ப்பப்பை வாய மூடியிருக்கா இல்லையானு அதுல இருக்கும். ரத்தம் பட்டு வர்ற பொண்ணுகிட்ட நாங்க முதல்ல தேடறது அத தான்.

கேள்வி: எல்லாம் ஃபோன்ல போட்டோ எடுத்து வச்சிருக்கேன் அக்கா, பேப்பர் எதுக்கு?

பதில்: ஃபோன் சார்ஜ் போயிடும், லாக் ஆயிருக்கும், புது நாட்டுல நெட் கிடைக்காது, நீங்க மயக்கத்துல இருந்தா பாஸ்வேர்டு யாரு சொல்லுவா. அந்த ஒரு பக்க தாள பேப்பர்ல 2 காப்பி எடுத்து ஒண்ணு உங்க கைப்பையில, ஒண்ணு கூட வர்றவங்க பையில வைங்க. செக்-இன் பெட்டியில மட்டும் வேணவே வேணாம், பெட்டி வேற ஊருக்கு போயிட்டா ரெக்கார்டும் கூடவே போயிடும். மிச்ச ஃபைல ஸ்கேன் பண்ணி பிடிஎஃப்பா நெட் இல்லாமயே திறக்கற மாதிரி ஃபோன்ல வச்சுக்கோங்க, வீட்ல இருக்கற ஒருத்தருக்கும் அனுப்பி வைங்க.

கேள்வி: வணக்கம் மேடம், என் மனைவிக்கு டிக்கெட் போடணும். போகும்போது 27 வாரம், திரும்பும்போது 31 வாரம். ஏர்லைன்ஸ் லெட்டர் வேணுமா?

பதில்: திரும்பற நாள் கணக்கையும் யோசிச்சீங்களே தம்பி, நிறைய பேர் அத மறந்துட்டு தான் வெளிநாட்டு ஏர்போர்ட்ல நின்னு தவிக்கறாங்க. ரொம்ப ஏர்லைன்ஸ்ல 28 வாரத்துக்கு மேல டாக்டர் லெட்டர் கேப்பாங்க, சிக்கல் இல்லாத ஒத்த குழந்தைனா 36 வாரம் வரைக்கும், ரெட்டைனா 32 வாரம் வரைக்கும் ஏத்துவாங்க, ஆனா கம்பெனிக்கு கம்பெனி வித்தியாசம் உண்டு, அதனால டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே அவங்க விதிய படிச்சிடுங்க. லெட்டர்ல எத்தனை வாரம், பிரசவ தேதி, ஒரு குழந்தையா ரெண்டா, சிக்கல் இல்ல, இந்த தேதி வரைக்கும் பறக்கலாம்னு இருக்கணும். பயணத்துக்கு சில நாளைக்குள்ள எழுதின லெட்டர் தான் வேணும்னு கேக்கற ஏர்லைன்ஸும் இருக்கு. அப்போ போகும்போது வாங்கினது திரும்ப வர்றதுக்கு செல்லாது, அங்கயே ஒரு டாக்டர பார்த்து புதுசா வாங்கணும். அவங்க எத வச்சு எழுதித் தருவாங்க? உங்க ஃபைல வச்சு தான். சில கம்பெனிக்கு அவங்களோட சொந்த ஃபாரமே இருக்கும், அத உங்க டாக்டர் நிரப்பணும்.

கேள்வி: நான் ஓ நெகட்டிவ். சும்மா குரூப் கார்டு போதுமா?

பதில்: போதாதும்மா. நெகட்டிவ் அம்மாக்களுக்கு போடற ஆன்டி-டி ஊசி போட்டாச்சா, எந்த தேதில, எவ்ளோ டோஸ்னு எழுதி வச்சிருக்கணும். வழக்கமா 28 வாரத்துல ஒண்ணு போடுவாங்க. பயணத்துல ரத்தம் பட்டாலோ, விழுந்து வயித்துல அடி பட்டாலோ திரும்ப தேவைப்படலாம், பொதுவா 72 மணி நேரத்துக்குள்ள போட்டுடணும், "லேசா தானே பட்டுச்சு"னு இருந்துடாதீங்க, நெகட்டிவ்னு முதல் வார்த்தையா சொல்லுங்க. தேதி ஏன் முக்கியம்னா, அந்த ஊசி போட்டப்புறம் ரத்தத்துல ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் பொருள் இருக்கானு பார்த்தா பாசிட்டிவ்னு காட்டலாம். ஊசி போட்டது தெரியாத லேப்ல, உங்க உடம்பே குழந்தையோட ரத்தத்துக்கு எதிரா கிளம்பிடுச்சுனு நினைச்சிடுவாங்க. ஊசிக்கு முன்னாடி எடுத்த ஆன்டிபாடி டெஸ்ட் ரிசல்ட்டும் கூட இருந்தா குழப்பமே இல்ல.

கேள்வி: முதல் குழந்தை சிசேரியன். தழும்ப பார்த்தாலே தெரியுமே, அதுக்கும் பேப்பரா?

பதில்: வெளியில தோல்ல இருக்கற தழும்பு ஒண்ணு, உள்ள கர்ப்பப்பையில போட்ட வெட்டு ஒண்ணு. தோல்ல குறுக்க வெட்டியிருந்தாலும் உள்ள நெடுக்க வெட்டியிருக்கலாம். கர்ப்பப்பையோட மேல் பாகத்துல நெடுக்க வெட்டியிருந்தா அடுத்த தடவை வலி வரவே விடக் கூடாது, தையல் விட்டுப்போற ஆபத்து அதிகம். கீழ்ப்பகுதில குறுக்கு வெட்டுனா நிலைமை வேற. வெளிய பார்த்து இத யாராலயும் சொல்ல முடியாது, ஆபரேஷன் நோட்ஸ்ல தான் இருக்கும். பழைய ஆஸ்பத்திரில கேட்டு வாங்குங்க, ஏன் சிசேரியன் பண்ணாங்கனும் அதுல இருக்கும்.

கேள்வி: தைராய்டு மாத்திரை, இன்சுலின் ரெண்டும் எடுக்கறேன். கஸ்டம்ஸ்ல பிரச்சினை வருமா?

பதில்: கம்பெனி பேர் நாட்டுக்கு நாடு மாறும், அதனால மருந்தோட பொதுப் பேர எழுதி வாங்குங்க, லெவோதைராக்சின் இத்தனை மைக்ரோகிராம்னு. பொதுப் பேரே கூட சிலது மாறும், பாராசிட்டமால அமெரிக்காவுல அசிட்டமினோஃபென்னு தான் சொல்லுவாங்க. மாத்திரைய அதோட அட்டையிலயே வைங்க, டப்பாவுல கொட்டி எடுத்துட்டு போகாதீங்க, பிரிஸ்கிரிப்ஷன் கூடவே இருக்கட்டும், பயணம் தள்ளிப்போனா சமாளிக்க சில நாளுக்கு சேர்த்து எடுத்துக்கோங்க. இன்சுலின கண்டிப்பா கைப்பையில, பெட்டியில போட்டா மேல குளிர்ல உறைஞ்சு போகலாம், உறைஞ்ச இன்சுலின் வேலைக்கு ஆகாது. ஊசி இருக்குனு செக்யூரிட்டில முதல்லயே சொல்லி லெட்டர காட்டுங்க. அப்புறம் கோடீன் கலந்த வலி மருந்து, சூடோஎஃபெட்ரின் இருக்கற சளி மாத்திரை இதெல்லாம் எடுத்துட்டு போறதுக்கு முன்னாடி நல்லா பாருங்க, ஐக்கிய அரபு அமீரகத்துல கோடீனுக்கு முன் அனுமதி வேணும், ஜப்பான்ல சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல இருந்தா உள்ள கொண்டு போகவே முடியாது.

கேள்வி: அங்க போய் சுகர் பார்த்தேன், 5.1னு வந்துச்சு, பயந்தே போயிட்டேன், எனக்கு எப்பவும் 90 பக்கத்துல வரும்!

பதில்: பயப்படாதீங்க, அளவு முறை தான் வேற. சில நாட்டுல மில்லிகிராம், சில நாட்டுல மில்லிமோல். மில்லிகிராம் கணக்க 18ஆல வகுத்தா மில்லிமோல் வரும், உங்க 5.1ங்கறது கிட்டத்தட்ட 92. ஆனா வெறும் வயித்துல 92ங்கறதே கர்ப்ப கால சுகருக்கு எல்லைக் கோடு, அதனால உங்க டாக்டருக்கு இந்த ரீடிங்க அனுப்பிடுங்க. ஹீமோகுளோபினும் இப்படி தான், 11னு இருக்கறது சில இடத்துல 110னு வரும். அதான் நம்பர் மட்டும் எழுதாம அலகையும் சேர்த்து எழுதுங்கனு சொல்றது.

கேள்வி: எனக்கு இப்ப தான் 7 வாரம், ஃபைலே இன்னும் போடல. ஒண்ணும் வேணாம்ல?

பதில்: உங்களுக்கு ஒண்ணே ஒண்ணு வேணும், கரு கர்ப்பப்பைக்குள்ள தான் இருக்குனு சொல்ற ஸ்கேன் ரிப்போர்ட். இந்த நேரத்துல வயித்து வலியோ ரத்தமோ வந்தா யாரா இருந்தாலும் கர்ப்பப்பைக்கு வெளிய கருக்குழாய்ல கரு தங்கியிருக்கானு தான் முதல்ல சந்தேகப்படுவாங்க. ஸ்கேன் எடுக்கலனா எடுத்துட்டு கிளம்புங்க. பீட்டா எச்சிஜிங்கற கர்ப்ப ஹார்மோன் ரத்த டெஸ்ட் எடுத்திருந்தா எண்ணையும் தேதியையும் சேர்த்து வைங்க. ஒரு பக்கமா கடுமையான வலி, தலை சுத்தி விழற மாதிரி இருக்கறது, தோள்பட்டை நுனில வலி, இதுல எது வந்தாலும் ஓட்டல் ரூம்ல படுத்துடாதீங்க, நேரா எமர்ஜென்சி.

கேள்வி: எங்களுக்கு ஐவிஎஃப், ரெட்டைக் குழந்தை. தனியா ஏதாவது?

பதில்: கருவை உள்ள வச்ச தேதி, அது 3 நாள் கருவா 5 நாள் கருவா. ரெண்டு குழந்தைக்கும் நச்சுக்கொடி ஒண்ணா தனித்தனியானு முதல் 3 மாச ஸ்கேன்ல எழுதியிருப்பாங்க, போகப்போக இத கண்டுபிடிக்கறது கஷ்டம், ஆனா கவனிக்கற முறையே அத வச்சு தான்.

கேள்வி: என் பொண்ணு போற நாட்டுல வேற மொழிங்க, அவளுக்கு ஒரு வார்த்தை தெரியாது. எனக்கு தூக்கமே வரல.

பதில்: உங்க கவலை புரியுதும்மா. ஒரு பக்க சுருக்கம் ஆங்கிலத்துல இருந்தாலே பல இடத்துல ஓடும், முடிஞ்சா அந்த நாட்டு மொழில மொழிபெயர்த்து ஆங்கிலத் தாளோட பின் பண்ணி வைக்க சொல்லுங்க, மூலத்த தூக்கிப் போடக் கூடாது, மருந்து பேரும் எண்ணும் தப்பா மாறியிருந்தா சரி பார்க்க அது வேணும். "நான் கர்ப்பமா இருக்கேன், ரத்தம் படுது, தண்ணி உடைஞ்சிடுச்சு, குழந்தை அசைவு குறைஞ்சிருக்கு" இந்த நாலையும் அந்த மொழில ஒரு அட்டைல எழுதி பர்ஸ்ல வைக்கட்டும், விரல வச்சு காட்டினா போதும். கர்ப்பத்துக்குனே தனி கைப்புத்தகம் குடுக்கற நாடுங்க இருக்கு, ஜெர்மனில 1961லிருந்து இருக்கு, ஜப்பான்ல 1942லயே ஆரம்பிச்சாங்க. அந்த மாதிரி இடத்துல ரெக்கார்டோட வர்ற பொண்ண பார்த்தா அவங்களுக்கு புதுசா இருக்காது.

கேள்வி: எனக்கு ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ். ஏர்போர்ட்ல எல்லாரும் பார்ப்பாங்களோனு அந்த பேப்பர எடுத்துட்டு போக கூச்சமா இருக்கு.

பதில்: ஏர்லைன்ஸ்காரங்களுக்கு அந்த பேப்பர் தேவையே இல்லம்மா, பறக்கறதுக்கு எழுதின லெட்டர் மட்டும் தனியா காட்டுங்க, மத்தது ஒட்டின கவர்ல இருக்கட்டும். ஆனா விட்டுட்டு மட்டும் போகாதீங்க. அங்க பிரசவம் ஆயிட்டா குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள்ள தடுப்பூசி போடணும், உடனடி பாதுகாப்பு தர்ற இம்யூனோகுளோபுலின் ஊசி முடிஞ்ச வரைக்கும் 12 மணி நேரத்துக்குள்ள. அவங்களுக்கு தெரிஞ்சா தானே நேரத்துக்கு போடுவாங்க. இதுல நீங்க வெக்கப்பட ஒண்ணுமே இல்ல.

கேள்வி: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கேக்கற நாட்டுக்கு போகணும், கர்ப்பத்துல போடலாமா?

பதில்: அது உயிருள்ள கிருமில செஞ்ச ஊசி, கர்ப்பத்துல பொதுவா தவிர்ப்பாங்க, அந்த ஊர்ல நோய் நிஜமாவே இருக்கா, போயே ஆகணுமானு பார்த்து டாக்டர் தான் முடிவு பண்ணணும். போட முடியாதுனா காரணத்தோட விலக்கு எழுதித் தருவாங்க, அந்த நாடு அத ஏத்துக்குமானு தூதரகத்துல கேட்டுட்டு கிளம்புங்க. முன்னாடியே போட்டிருந்தா ஊசி போட்டதுக்கு அப்போ குடுத்த மஞ்சள் கார்ட தேடி எடுங்க, 2016 ஜூலையிலிருந்து அது ஆயுசுக்கும் செல்லும்.

கேள்வி: இன்சூரன்ஸ் எடுத்திருக்கோம், அது போதும்ல?

பதில்: எத்தனை வாரம் வரைக்கும் செல்லும், குறைமாசத்துல பிறந்தா குழந்தையோட செலவும் சேருமா, இந்த ரெண்டையும் படிச்சு பாருங்க. கர்ப்பம்னு மறைச்சு எடுக்காதீங்க. பாலிசி நம்பரையும் எமர்ஜென்சி நம்பரையும் அந்த ஒரு பக்க தாளோட பின்னாடி எழுதுங்க.

கேள்வி: அங்க ஆஸ்பத்திரில 2 நாள் இருந்துட்டு வந்தேன், பில்லு மட்டும் தான் இருக்கு. இப்ப என் டாக்டர் என்ன பண்ணாங்கனு கேக்கறாங்க.

பதில்: இப்பவும் லேட் இல்ல, அந்த ஆஸ்பத்திரியோட ரெக்கார்டு டிபார்ட்மென்டுக்கு பாஸ்போர்ட் காப்பியோட மெயில் அனுப்பி டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட், போட்ட ஊசியோட பேர், டோஸ், நேரம் எல்லாம் கேளுங்க. ஸ்டீராய்டு ஊசி போட்டாங்களானு தனியா கேளுங்க, இன்னொரு கோர்ஸ் போடலாமா வேண்டாமானு உங்க டாக்டர் அத வச்சு தான் யோசிப்பாங்க. பதில் வர்ற வரைக்கும் காத்திருக்காம உங்க ஞாபகத்துல இருக்கறத, கையில எத்தனை ஊசி, தொடைல எத்தனை ஊசி, எந்த நேரம்னு இன்னிக்கே எழுதி வைங்க, நாளைக்கு செக்கப்புக்கு அந்த தாளோட போங்க.