அண்ணனுக்குக் கிட்னி, தங்கைக்கு 50 சென்ட்?

கேள்வி: எனக்கு வயது 29. கோத்தகிரி பக்கம் கொழுந்து பறிக்கிறேன். நாலு வயதில் ஒரு பையன். இன்னொரு குழந்தைக்கும் ஆசை. அண்ணனுக்கு இரண்டு கிட்னியும் செயலிழந்து, கோயம்புத்தூரில் டயாலிசிஸ் நடக்கிறது. அவருக்கு ஏ பாசிட்டிவ். அம்மாவுக்குச் சர்க்கரை. அண்ணி பி பாசிட்டிவ், சேராது என்றுவிட்டார்கள். நான் ஓ பாசிட்டிவ். "நீ கொடு, அப்பாவோட தேயிலையில 50 சென்ட் உன் பேருக்கு எழுதறேன்" என்கிறார் அண்ணன். பயமாக இருக்கிறது. மாட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

பதில்: அந்த 50 சென்ட்டை முதலில் இந்தப் பேச்சிலிருந்து எடுத்துவிடுங்கள், சகோதரி. 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி உடன்பிறந்தவர் கிட்னி கொடுக்கலாம். அதற்கு ஈடாகப் பணமோ நிலமோ கைமாறினால் கொடுத்தவர், வாங்கியவர் இருவருக்கும் 5 முதல் 10 ஆண்டு சிறை. அபராதம் 20 லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை. உங்கள் மருத்துவச் செலவையும், வேலைக்குப் போகாத நாட்களின் கூலியையும் அண்ணன் தரலாம். அதைச் சட்டம் விலையாகக் கருதுவதில்லை. இன்னொன்று: அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால் அந்தத் தேயிலையில் உங்களுக்கும் பங்கு உண்டு, கிட்னி கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும். உங்களுடையதையே உங்களுக்கு விலையாகக் காட்டுகிறார்களா என்று பாருங்கள்.

கொடுப்பவர் பெண் என்றால் அவருடைய சொந்தச் சம்மதத்தைக் கூடுதல் கவனத்தோடு உறுதி செய்ய வேண்டும் என்று 2014-ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. ஆகவே ஆஸ்பத்திரியில் "டாக்டர், வீட்டுக்காரர்கள் இல்லாமல் தனியாகப் பேசணும்" என்று கேளுங்கள். கதவைச் சாத்தியதும், எனக்கு மனசில்லை என்று சொன்னால் போதும். வெளியே நிற்பவர்களிடம் "இவரைக் கொடையாளராக எடுக்க முடியாது" என்று மட்டும் சொல்லச் சொல்லலாம். காரணம் அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. கையெழுத்துப் போட்ட பிறகும், ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும்வரை மனம் மாறலாம்.

பயம் நியாயமானதுதான், ஆனால் அதன் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆபரேஷனில் உயிரிழப்பு 10,000 பேரில் ஏறக்குறைய 3. மிஞ்சும் ஒற்றைக் கிட்னி கொஞ்சம் பெருத்து, முன்பு இரண்டும் சேர்ந்து பார்த்த வேலையில் 70 சதவீதம் வரை பார்த்துவிடும். பின்னாளில் அதுவும் செயலிழக்கும் வாய்ப்பு, அமெரிக்க ஆய்வு ஒன்றின்படி, வாழ்நாளில் 10,000 கொடையாளர்களில் சுமார் 90 பேருக்கு. கொடுக்காத ஆரோக்கியமானவர்களில் 14 பேருக்கு.

உங்கள் விஷயத்தில் எங்களைத் தயங்க வைப்பது அந்த இரண்டாவது குழந்தை. கிட்னி கொடுத்த பின் கருத்தரித்தவர்களில் 100-க்கு 11 பேருக்குக் கர்ப்பகால ரத்த அழுத்தமோ அதன் முற்றிய நிலையோ வந்தது. கொடுக்காதவர்களில் 5 பேருக்கு. பெரும்பாலோர் நல்லபடியாகவே பெற்றெடுத்தார்கள் என்பதும் உண்மை. என்றாலும் மலையில் இருந்துகொண்டு, ராத்திரியில் பிரஷர் ஏறினால் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க வேண்டிய உங்களுக்கு, குழந்தை ஆசை தீர்ந்த பிறகு யோசிப்பதே நல்லது. டயாலிசிஸ் இருக்கும்வரை அண்ணனுக்கு அவகாசம் இருக்கிறது.

அதற்குள் அண்ணியை மறுபடி கேளுங்கள். ரத்த வகை சேராததால் அவர் ஒதுங்க வேண்டியதில்லை. கணவர் பி, மனைவி ஏ என்று இதே சிக்கலில் இன்னொரு குடும்பம் இருந்தால், அந்த மனைவி உங்கள் அண்ணனுக்கும், உங்கள் அண்ணி அந்தக் கணவருக்கும் கொடுக்கலாம். இந்த மாற்றுக் கொடையை 2011 திருத்தம் அனுமதித்திருக்கிறது. கூடவே, மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக்கான மாநிலப் பட்டியலில் ஆஸ்பத்திரி வழியாக அண்ணன் பெயரை இப்போதே பதியச் சொல்லுங்கள். காத்திருப்பு நீளும், ஆனால் பதிந்த நாளிலிருந்துதான் அது தொடங்கும்.

இத்தனைக்கும் பிறகு, யாரும் கேட்காமலே கொடுக்கத் தோன்றினால் தாராளமாகக் கொடுங்கள். ஆறு வாரம் கொழுந்து மூட்டை தூக்கக் கூடாது. சரிவில் 20 கிலோவைச் சுமந்து இறங்கினால் உள்தையல் விட்டுக் குடலிறக்கம் வரலாம். முதுகுவலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் கேட்டு வாங்கும் பழக்கம் அன்றோடு நிற்க வேண்டும். வருடம் ஒருமுறை ரத்த அழுத்தம், கிரியாட்டினின் (கிட்னியின் வேலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), சிறுநீரில் புரதம் மூன்றையும் பார்த்துவிடுங்கள்.