சோகப் பாட்டு கேட்டால் மனம் லேசாவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 44. கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார் என்று குறையில்லாத குடும்பம். ஆனால் சமையலறைக்குள் போனாலே கைபேசியில் சோகப் பாடல்களைத்தான் தேடிப் போடுகிறேன். சில வரிகளில் கண் கலங்கிவிடும். முடிந்ததும் மனம் லேசாக இருக்கும். “விளக்கு வைக்கிற நேரத்தில் அழுகைப் பாட்டு வேண்டாம், வீட்டுக்கு ஆகாது” என்கிறார் மாமியார். கல்லூரியில் படிக்கும் மகளோ, “அம்மா, உனக்கு டிப்ரஷன்” என்கிறாள். சில மாதங்களாக இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. அப்போதும் இந்தப் பாட்டுகள்தான் துணை. இது நோயா, டாக்டர்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: சோகப் பாட்டு பிடிப்பது நோய் இல்லை. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த இரண்டு மணி விழிப்புதான். அதைப் பிறகு பார்ப்போம், முதலில் பாட்டு.

நிஜ வாழ்க்கையில் துக்கம் தனியாக வருவதில்லை. வீட்டில் ஒருவர் தவறிவிட்டால், உறவுகளுக்குச் சொல்லியனுப்ப வேண்டும், வருகிறவர்களுக்குக் காபி போட வேண்டும், காரியத்துக்குப் பணம் புரட்ட வேண்டும். நின்று அழக்கூட நேரம் இருக்காது. பாட்டில் வரும் துக்கத்துக்கு இந்த வால்கள் எதுவும் கிடையாது. அது உங்களிடம் எதையும் கேட்பதில்லை. ஐந்து நிமிடத்தில் முடிந்தும்விடுகிறது. பச்சை மிளகாயைக் கடித்தால் நாக்கு எரிகிறது; ஆபத்து ஒன்றுமில்லை என்று உள்ளுக்குள் தெரிவதால் அந்த எரிச்சலே ருசியாகிறது அல்லவா? அமெரிக்க உளவியலாளர் பால் ரோசின், மிளகாய்க் காரத்தையும் சோகப் பாட்டையும் ஒரே பட்டியலில் வைத்துத்தான் ஆராய்ந்தார்.

கண் கலங்குவது பாட்டில் வரும் கதாபாத்திரத்துக்காக என்று நினைக்காதீர்கள். இழவு வீட்டில் ஒப்பாரி வைக்கும் பெண்களைக் கவனித்திருப்பீர்கள். அடுத்த வீட்டுப் பெரியவரின் சாவுக்கு வந்தவர், இரண்டாம் வரியிலேயே பத்து வருடத்துக்கு முன்பு போன தன் அண்ணனைக் கூப்பிட்டு அழ ஆரம்பித்துவிடுவார். யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். பாட்டும் அப்படி இரவல் வாங்கிக்கொள்கிற இடம்தான். 2014இல் பெர்லினில் இரண்டு ஆய்வாளர்கள், சோகப் பாட்டு கேட்கும்போது என்ன உணர்கிறீர்கள் என்று பல நாடுகளைச் சேர்ந்த 772 பேரிடம் கேட்டார்கள். அதிகம் பேர் சொன்னது துக்கம் அல்ல. பழைய நாட்களை நினைத்து வரும் ஏக்கம். குறையே இல்லாத குடும்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். ஆனாலும் 44 வயதில் ஏங்குவதற்கு யாருக்குத்தான் ஒன்றும் இருக்காது?

உடலுக்கும் இதில் பங்கு உண்டு. மெதுவான தாளம், தாழ்ந்த குரல், இறங்கி இறங்கி வரும் மெட்டு. மனம் நொந்தவர் பேசும் விதமும் இதேதான். அதனால் மொழி புரியாவிட்டாலும் சோகம் புரிகிறது. தாளம் மெதுவாக இருந்தால் கேட்பவரின் மூச்சும் சற்றுத் தணிகிறது. ஒரு குறிப்பிட்ட சரணம் வரும்போது கையில் மயிர் சிலிர்க்கிறதா? அந்த நேரத்தில் மூளையில், இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைன் என்ற ரசாயனம் சுரப்பதை 2011இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் படமெடுத்துக் காட்டினார்கள். சிலிர்க்கும் கணத்தில் மட்டுமல்ல, அது வரப்போகிறது என்று காத்திருக்கும் சில விநாடிகளிலும் சுரக்கிறது. கேட்ட பாட்டையே திரும்பத் திரும்பக் கேட்பதன் ரகசியம் இந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது. சோகப் பாட்டு கேட்டால் புரோலாக்டின் ஹார்மோன் கூடி நம்மைத் தேற்றுகிறது என்றும் ஒரு கருத்து உலவியது. ரத்தத்தை எடுத்துச் சோதித்தபோது அது கூடவில்லை. வாட்ஸ்அப்பில் வரும் ஹார்மோன் கதைகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள்.

அலுத்துக்கொள்பவரிடம் “ஏன் முகாரி பாடுகிறாய்?” என்று கேட்கிறோம், அதே முகாரியை டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்க் கச்சேரியில் கேட்கிறோம். தொல்காப்பியமும் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளில், ஒன்றாக அழுகையை, நகைக்கு அடுத்தபடியாகவே வைத்திருக்கிறது. அதனால் மாமியார் பயப்பட மருத்துவக் காரணம் ஒன்றும் இல்லை. இருந்தாலும் விளக்கு வைக்கும் அரை மணி நேரத்துக்கு மட்டும் வேறு ஏதாவது போட்டுவிடுங்கள். ஒரு வாக்குவாதம் குறையும்.

மகள் சொல்வதை முழுதாகத் தள்ளிவிட முடியாது. மனச்சோர்வு உள்ளவர்கள் சோகப் பாட்டை அதிகம் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது உண்மை. ஏன் என்று கேட்டால், அது அமைதியாக இருக்கிறது என்றே அவர்களில் பலரும் சொல்கிறார்கள். ஆக, என்ன பாட்டு கேட்கிறீர்கள் என்பதை வைத்து நான் எதையும் முடிவு செய்யமாட்டேன். பாட்டு நின்ற பிறகு என்ன நடக்கிறது என்பதைத்தான் கேட்பேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு குழம்பைத் தாளிக்கப் போகிறீர்கள் என்றால் நல்லது. பாட்டு முடிந்தும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து, ‘எல்லாம் என்னால்தான்’, ‘இனி என்ன இருக்கிறது’ என்று ஒரே நினைப்பை அரைத்துக்கொண்டிருந்தால் அது வேறு விஷயம். அப்போது பாட்டு ஆற்றவில்லை, கிளறுகிறது. நீங்கள் மனம் லேசாவதாக எழுதியிருப்பதால், இந்த வகையில் எனக்குக் கவலை இல்லை.

இப்போது அந்த விழிப்பு. நடு இரவில் விழித்து மறுபடி தூக்கம் வராமல் தவிப்பது மனச்சோர்வின் அறிகுறியாகவும் இருக்கலாம். ஆனால் உங்கள் வயதில் வேறு காரணங்களும் உண்டு. விழிக்கும்போது கழுத்தும் முதுகும் வியர்த்திருக்கிறதா? மாதவிலக்கு தள்ளிப்போகிறதா, அல்லது ரத்தப்போக்கு அதிகமாகிறதா? நெஞ்சு படபடக்கிறதா? சிறுநீர் கழிக்கத்தான் எழுகிறீர்களா? மாதவிலக்கு நிற்கப்போகும் காலம், தைராய்டு, சர்க்கரை, ரத்தசோகை என்று இவற்றில் எதுவும் தூக்கத்தைக் கெடுக்கும். உங்கள் குடும்ப மருத்துவரிடம் சொல்லி ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரைப் பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நேரம் மனம் கனத்தே இருந்தாலோ, பிடித்த பாட்டுகூடப் பிடிக்காமல் போனாலோ, பசி குறைந்தாலோ, மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழவே வேண்டாம் என்று ஒருமுறை தோன்றினாலும் காத்திருக்காதீர்கள். அரசின் டெலி மனஸ் உதவி எண் 14416, எந்த நேரத்திலும் பேசலாம்.

அதுவரை ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். பகலில் எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள். இரவு இரண்டு மணிக்கு மட்டும் வேண்டாம். பாட்டைத் தேடக் கைபேசியை எடுத்தால், அதன் வெளிச்சமும் வந்து கிடக்கும் செய்திகளும் மிச்சத் தூக்கத்தையும் கலைத்துவிடும். இரவில் அதைக் கூடத்திலேயே சார்ஜில் போட்டுவிட்டுப் படுங்கள். விழிப்பு வந்து இருபது நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது என்று தோன்றினால் (கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம்) எழுந்து வந்து, மங்கிய வெளிச்சத்தில் சும்மா உட்கார்ந்திருங்கள். கண் சொக்கியதும் மறுபடி போய்ப் படுங்கள். பரிசோதனை முடிவுகள் வந்ததும் எழுதுங்கள்.