தம்பிக்கு இனி முன்பணம் வேண்டாம்

கேள்வி: தரங்கம்பாடியில் அப்பா 1978-ல் கட்டிய வீடு. பெற்றோர் இல்லை, உயிலும் இல்லை. நான், தம்பி, தங்கை என்று மூன்று வாரிசுகள். 80 லட்சம் சொல்லி இரண்டு வருடமாகியும் விலைபோகவில்லை. இப்போது ஒருவர் 62 லட்சத்துக்குக் கேட்கிறார். இதற்கிடையே தம்பி, “என் பங்கில் கழித்துக்கொள்” என்று சொல்லி 9 லட்சம் வாங்கிவிட்டான். அதற்காக சமீபத்தில் 14% வட்டியில் ஐந்து வருட பெர்சனல் லோன் எடுத்தேன். மாதம் 21,000 ரூபாய் போகிறது. மேலும் 4 லட்சம் கேட்கிறான். கொடுக்கலாமா? விற்ற பணத்தை வங்கியில் சொல்லும் ஒற்றை பிரீமியம் யூலிப்பில் (காப்பீடும் முதலீடும் கலந்த திட்டம்) போடலாமா?

பதில்: அந்த 4 லட்சத்தைக் கொடுக்காதீர்கள். வீடு விலைபோகாதது உங்கள் பெரிய பிரச்சினை அல்ல. விற்காத வீட்டின் பணத்தைக் கடன் வாங்கிச் செலவழிப்பதுதான் பிரச்சினை. கடன் உங்கள் பெயரில், செலவு தம்பியுடையது. நாளை அவர் கையெழுத்துப் போட மறுத்தால் வீட்டு விற்பனை நின்றுவிடும், லோன் தவணை நிற்காது.

முதலில் 9 லட்சத்துக்கு எழுத்து வேண்டும். இதுவரை வாய்ப்பேச்சுதான் என்றால், கடன் கொடுத்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும், தாண்டினால் காலாவதி. ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு புரோநோட்டு எழுதி வாங்குங்கள். தம்பியிடம் எப்படிக் கேட்பது என்று தயங்காதீர்கள். தங்கை முன்னிலையில் கேட்டால் அவருக்கும் தெளிவாகும். கிரய ஒப்பந்தத்திலேயே, தம்பியின் பங்கான 20.67 லட்சத்தில் 9 லட்சம் கடன் திருப்பமாக, அவர் சொன்னபடி, உங்கள் பெயருக்கு டிடியாக வரும் என்று எழுதச் சொல்லுங்கள். மூலதன ஆதாய வரியை (வீடு விற்ற லாபத்துக்கான வரி) அவர் தன் முழுப் பங்குக்கும் கட்ட வேண்டும்; இதையும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது விலை. இரண்டு வருடம் பொறுத்து 80 கிடைத்தால் உங்கள் பங்கில் கூடுவது 6 லட்சம். அந்த இரண்டு வருடத்தில் லோன் வட்டி சுமார் 2.15 லட்சம். உங்கள் 20.67 லட்சம் 7 சதவீதத்தில் இருந்தால் வரும் வட்டி 3 லட்சம். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து, சீலிங் பூச்சு பெயர்ந்து விழும் வீட்டுக்கு உங்கள் பங்குப் பராமரிப்பு ஒரு லட்சம் என்று வையுங்கள். 6 லட்சம் கரைந்துவிட்டது. அதுவும் 80 கிடைத்தால்தான்.

கிடைக்குமா என்பதும் சந்தேகமே. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை பொருந்தும். அதில் கட்டுமானத் தடைப் பகுதிக்குள் வீடு வந்தால், அனுமதியோடு இருக்கும் பழைய கட்டடத்தை அதே பரப்பளவுக்குள் புதுப்பிக்கத்தான் முடியும். ரிசார்ட் கனவோடு வருபவர் வக்கீலைப் பார்த்ததும் பின்வாங்குவது இதனால்தான். இந்த விதிகள் முதலில் வந்தது 1991-ல். அதற்கு முந்தைய வீட்டு வரி ரசீதுகள் பழைய டிரங்குப் பெட்டியில் இருந்தால் தேடி எடுங்கள். வீடு அப்போதே இருந்ததற்கு அவை நல்ல சான்று. 62-க்குக் கேட்பவரிடம் 64, 65 என்று பேச அது உதவும்.

பத்திரத்தில் குறைத்துக் காட்டி மீதியை ரொக்கமாக வாங்கும் யோசனை வந்தால் மறுத்துவிடுங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம்.

வரி: வீட்டின் அடக்க விலையாக 2001 ஏப்ரல் 1 அன்றைய வழிகாட்டி மதிப்பை (பத்திரப் பதிவுக்கு அரசு வைத்த விலை) எடுத்து, அது மொத்தம் 6 லட்சம் என்று வைத்தால், 62 லட்சத்தில் ஆதாயம் 56 லட்சம். உங்கள் பங்கு 18.67 லட்சம்; 12.5 சதவீதமும் செஸ்ஸும் சேர்ந்து சுமார் 2.43 லட்சம். அடக்க விலையைப் பணவீக்கக் குறியீட்டால் உயர்த்தி, மீதி ஆதாயத்துக்கு 20% என்ற இன்னொரு கணக்கும் உண்டு. இரண்டையும் ஆடிட்டரிடம் போட்டுப் பாருங்கள், குறைவானதுதான் பொருந்தும்.

யூலிப் வேண்டாம். ஐந்து வருடம் பணத்தைப் பூட்டி, கட்டணங்களையும் கழித்துக்கொள்ளும் திட்டம் அது. 14% கடனை அடைப்பதே அதைவிட நிச்சயமான வருமானம். தம்பி திருப்பும் 9 லட்சம் வந்த அன்றே லோனை முடித்து, வங்கியிடம் நோ டியூஸ் கடிதம் வாங்குங்கள். முன்கூட்டியே முடிக்கக் கட்டணம் எவ்வளவு என்று இந்த வாரமே கேளுங்கள். வரி போக மீதமாகும் 18 லட்சத்தை ஆறு மாதம் சாதாரண டெபாசிட்டில் வையுங்கள்.