அட்டையைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரலாமா?

போன தடவை வாடகை ஒப்பந்தம் பற்றி எழுதும்போது, வீட்டுக்காரர் ஆதார் நகல் கேட்டால் யோசித்துக் கொடுங்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கின்றன. சரி, இந்த முறை முழுக்க அதுவே.

ஆதார் கட்டாயமா, இல்லையா? சுற்றி வளைக்காமல் ஒரே வார்த்தையில் சொல்லுங்கள். (திண்டுக்கல் வாசகர்)

ஒரே வார்த்தையில் சொல்ல முடிந்திருந்தால் உச்ச நீதிமன்றம் 2018இல் ஆயிரம் பக்கத்துக்கு மேல் எழுதியிருக்காது. கொஞ்சம் பொறுங்கள்.

2010 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் தெம்ப்லி கிராமத்தில் முதல் எண்ணைக் கொடுத்தபோது ஆதாருக்கென்று ஒரு சட்டமே கிடையாது. விருப்பப்பட்டவர்கள் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். சட்டம் வந்தது 2016இல்தான். அதையும் பண மசோதாவாகக் கொண்டுவந்ததால் மாநிலங்களவை சொன்ன திருத்தங்களை ஏற்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. அதற்குள் எரிவாயு மானியம், ஓய்வூதியம், வங்கி என்று ஒவ்வொரு கதவிலும் ஆதார் ஏறி உட்கார்ந்துவிட்டது.

இதை எதிர்த்து 2012இலேயே வழக்குப் போட்டவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி. 2018 செப்டம்பர் 26 அன்று ஐந்து நீதிபதிகளில் நால்வர் ஆதார் செல்லும் என்றார்கள்; சந்திரசூட் மட்டும் செல்லாது என்று தனித் தீர்ப்பு எழுதினார். பெரும்பான்மைத் தீர்ப்பின்படி, அரசுக் கருவூலத்திலிருந்து வரும் மானியத்துக்கும் நலத்திட்டத்துக்கும் ஆதார் கேட்கலாம். பான் அட்டையோடு இணைப்பதும் செல்லும். வங்கிக் கணக்குக்கும் சிம் கார்டுக்கும் கட்டாயப்படுத்தக் கூடாது. தனியார் நிறுவனங்கள் ஆதாரைப் பயன்படுத்த வழிவிட்ட 57ஆம் பிரிவு அந்த அளவுக்கு ரத்து. மறு வருடமே சட்டத்தைத் திருத்தி, வாடிக்கையாளர் விரும்பினால் வங்கியும் தொலைபேசி நிறுவனமும் பயன்படுத்தலாம் என்று ஒரு வழி திறந்துகொண்டார்கள். அந்த 'விரும்பினால்' என்ற சொல் கவுன்ட்டருக்கு வந்து சேர்வதற்குள் காணாமல் போய்விடுகிறது.

ஆக, பல இடங்களில் சட்டப்படி கட்டாயம் இல்லை, ஆனால் இல்லாமல் காரியம் நடக்காது. நேரடிக் கட்டாயத்தைவிட இது மோசம் என்பேன். சட்டம் கட்டாயப்படுத்தினால் நீதிமன்றத்துக்குப் போகலாம். "சிஸ்டம் எடுக்காது சார்" என்று ஒருவர் கையை விரித்தால் யார்மீது வழக்குப் போடுவது?

கும்பகோணத்தில் ஒரு லாட்ஜில் குடும்பத்தில் ஐந்து பேருக்கும் ஆதார் ஜெராக்ஸ் கேட்டார்கள். கொடுத்துவிட்டேன். இப்போது மனசு உறுத்துகிறது. (சேலம் வாசகி)

தங்குபவர் யார் என்று லாட்ஜ்காரர் பதிவு செய்துவைக்க வேண்டியது நியாயம்தான். போலீஸ் வந்து கேட்டால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அதற்கு ஓட்டுநர் உரிமம் போதும், வாக்காளர் அட்டை போதும். ஆதாரே வேண்டும் என்று அடம்பிடிக்க அவருக்கு உரிமை இல்லை.

அடையாளத்தைக் காட்டுவது வேறு, அடையாளத்தையே அங்கே விட்டுவிட்டு வருவது வேறு. அந்த ஐந்து ஜெராக்ஸும் மேஜை இழுப்பறையில் எத்தனை நாள் இருக்கும், பிறகு எங்கே போகும் என்று அந்த லாட்ஜ் முதலாளிக்கே தெரியாது. எனக்கு ஒருமுறை டீக்கடையில் வடை மடித்துக் கொடுத்த காகிதத்தில் யாரோ ஒரு அம்மாவின் ஆதார் எண், முகவரி, படம் எல்லாம் எண்ணெய் வழிய இருந்தது. கடைக்காரர் பழைய பேப்பரை எடைக்கு வாங்கியிருக்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகமே, கண்ட நிறுவனங்களுக்கும் ஆதார் நகல் கொடுக்காதீர்கள், தவறாகப் பயன்படுத்தக்கூடும் என்று ஓர் அறிவிப்பு விட்டது. இரண்டே நாளில் மேலிடம் அதைத் திரும்பப் பெற்றது, மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளலாம் என்று காரணம் சொல்லி. என்னைக் கேட்டால் அந்த முதல் அறிவிப்புதான் சரி.

இனிமேல் மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்கள். ஆணையத்தின் இணையதளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். அதில் கடைசி நான்கு இலக்கம் மட்டும்தான் தெரியும். ஜெராக்ஸ் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் அதன்மேலேயே குறுக்காக 'இன்ன லாட்ஜில் தங்குவதற்கு மட்டும்' என்று தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பேனா மையை யாரும் சுலபமாக அழித்துவிட முடியாது. முன்பு பத்திரப் பதிவுக்கு அலைந்த தலைமுறைக்கு இது தெரிந்த வித்தைதான்.

என் அம்மாவுக்கு 71 வயது. வாழ்நாள் முழுக்கச் சித்தாள் வேலை. ரேஷன் கடையில் கைரேகை விழுவதே இல்லை. நாலு தடவை வைத்துப் பார்த்துவிட்டு நாளைக்கு வா என்கிறார்கள். (விருத்தாசலம் வாசகர்)

இந்தக் கடிதத்தைத்தான் முதலில் படித்தேன். செங்கல்லும் சிமென்ட்டும் தேய்த்த விரலில் மிஷின் ரேகை தேடினால் எங்கிருந்து கிடைக்கும்? 2016-17 பொருளாதார ஆய்வறிக்கையே இந்த உறுதிப்படுத்தல் தோல்வி ஜார்க்கண்டில் 49 விழுக்காடு, ராஜஸ்தானில் 37 விழுக்காடு என்ற மதிப்பீடுகளை எடுத்துச் சொல்லியிருக்கிறது. 2017இல் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் ஆதார் இணைக்காததால் ரேஷன் அட்டை ரத்தான வீட்டில் 11 வயதுச் சிறுமி இறந்துபோனாள். பட்டினி என்றது குடும்பம், மலேரியா என்றது அரசு. அட்டை ரத்தானதை மட்டும் யாராலும் மறுக்க முடியவில்லை.

உங்கள் அம்மா விஷயத்துக்கு வருவோம். ரேகை விழவில்லை என்பதற்காகப் பொருள் மறுக்கக் கூடாது. 2017 அக்டோபரில் ஆணையமே மாநிலங்களுக்கு அப்படி எழுதியிருக்கிறது. கடையில் கருவிழிக் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். அட்டையில் பெயருள்ள வேறு யாராவது போய் ரேகை வைக்கலாம். வர முடியாதவர்கள் சார்பில் வேறொருவர் வாங்க அங்கீகாரப் படிவம் இருக்கிறது. 70 வயதைத் தாண்டியவர்களின் வீட்டுக்கே பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. அம்மா அதில் வருவாரா என்று வட்ட வழங்கல் அலுவலகத்தில் விசாரியுங்கள். எதற்கும் அசையவில்லை என்றால் எந்தத் தேதி, எத்தனை முறை திருப்பி அனுப்பினார்கள் என்று எழுதி, மனுவாகக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வாய்ப்பேச்சுக்கு அலுவலகத்தில் மதிப்பில்லை.

என்னிடம் மறைக்க ஒன்றுமே இல்லை. தனியுரிமை என்று எதற்கு இத்தனை கூப்பாடு? (கோவை வாசகர்)

உங்கள் கட்சியில் பெரிய ஆட்களே இருந்தார்கள். அரசியல் சட்டத்தில் தனியுரிமை என்று ஒரு அடிப்படை உரிமையே இல்லை என்று மத்திய அரசின் வழக்கறிஞர்கள் 1954, 1962 தீர்ப்புகளைக் காட்டி வாதாடினார்கள். அதனால்தான் உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் உட்கார வேண்டியதாயிற்று. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது பேரும் ஒருமனதாக, உண்டு என்றார்கள்.

தீர்ப்பை விடுங்கள். 1983 ஜூலையில் கொழும்பில் வன்முறைக் கும்பல்கள் கையில் வாக்காளர் பட்டியலோடு தமிழர் வீடுகளைத் தேடி வந்தன என்று பதிவாகியிருக்கிறது. அந்தப் பட்டியலில் இருந்தவர்கள் என்ன மறைத்தார்கள்? பெயரும் முகவரியும்தான், ஓட்டுப் போடுவதற்காகக் கொடுத்தது. ஒரு காரியத்துக்குக் கொடுத்த விவரம் இன்னொரு காரியத்துக்குப் போகாமல் யார் காவல் இருப்பது என்பதுதான் கேள்வி. உங்கள் யோக்கியதையை யாரும் சந்தேகிக்கவில்லை.

இங்கே 1972 முதல் அடையாள அட்டை இருக்கிறது. இப்போது டிஜிட்டல் அட்டைக்கு ஏன் பயப்பட வேண்டும்? (மட்டக்களப்பு வாசகர்)

ஐசி என்று நீங்கள் சொல்லும் அந்த அடையாள அட்டை இல்லாமல் சோதனைச் சாவடியைத் தாண்ட முடியாத காலத்தைப் பார்த்தவர்களுக்கு நான் என்ன புதிதாகச் சொல்வது? பிறந்த இடம் என்ற கட்டத்தில் யாழ்ப்பாணம் என்று இருந்தால் அடுத்த அரைமணி நேரம் எப்படிப் போகும் என்பது உங்களுக்குத் தெரியும். அட்டையில் எண்கூட வாய்பேசும். பிறந்த வருடம், அந்த வருடத்தில் எத்தனையாவது நாள், பெண்ணென்றால் அதோடு 500. பிப்ரவரி முதல் தேதி பிறந்தவர் ஆணென்றால் 032, பெண்ணென்றால் 532.

புதிய திட்டத்தில் கைரேகை போன்ற உடல் அடையாளங்களும் சேர்கின்றன. இந்தியாவின் நிதியுதவியும் உண்டு. கிழிந்த அட்டையை மாற்றலாம், கசிந்த கைரேகையை மாற்ற முடியாது. 2022இல் உங்கள் நாட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றினார்கள். அதன் பாதுகாப்புகள் எல்லாம் நடைமுறைக்கு வருவது முதலிலா, மக்களிடம் ரேகை எடுப்பது முதலிலா என்று உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரைக் கேளுங்கள். இந்தியாவில் நாங்கள் வண்டியை முன்னால் கட்டிவிட்டு மாட்டைத் தேடினோம்: முதல் எண் 2010, தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023.

சிங்கப்பூரில் என் அடையாள எண் ரகசியமா, இல்லையா? (ஈசூன் வாசகி)

2024 டிசம்பரில் வணிகப் பதிவு ஆணையத்தின் பிஸ்ஃபைல் தளத்தில் முழு எண்களும் தேடினால் கிடைத்தன, பெரிய சலசலப்பு. அடையாள எண் என்பது பெயரைப் போல, ரகசியம் அல்ல என்று அரசு சொன்னது. தர்க்கம் சரிதான். ஆனால் பல வருடமாக அதைப் பாதுகாக்கச் சொல்லிவிட்டு, 2019 முதல் கண்ட கடைகளும் கேட்கக் கூடாது என்று விதியும் போட்டுவிட்டு, திடீரென்று அப்படிச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று: அந்த எண்ணை எங்கேயாவது கடவுச்சொல்லாக வைத்திருந்தால் இன்றே மாற்றுங்கள்.

பையனுக்கு ஆதார் இல்லை என்று பள்ளியில் சேர்க்க மறுக்கலாமா? (ஓசூர் வாசகர்)

கூடாது. 2018 தீர்ப்பிலேயே இருக்கிறது. எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் சேர்த்துக்கொள்வார்கள்.

ஆதாரை ரத்து செய்ய முடியுமா? (மதுரை வாசகர்)

பெரியவர்களுக்கு வழி இல்லை. சிறுவயதில் பெற்றோர் எடுத்துக்கொடுத்தது என்றால், 18 வயது முடிந்த ஆறு மாதத்துக்குள் விண்ணப்பித்து ரத்து செய்யலாம் என்று 2019 திருத்தம் சொல்கிறது. அந்த வயதுப் பிள்ளைகளிடம் இதை யாரும் சொல்வதில்லை.

ரத்து செய்ய முடியாதவர்கள் பூட்டவாவது செய்யலாம். ஆதார் செயலியில் கைரேகையையும் கருவிழியையும் பூட்டும் வசதி இருக்கிறது. பத்திரங்களில் வைத்த ரேகையை நகலெடுத்து வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுத்த மோசடிகளுக்கு இதுதான் தடுப்பு. தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். ஒன்று, ரேஷன் கடைக்குப் போவதற்கு முன்னால் திறக்க மறந்துவிடாதீர்கள். என் வீட்டில் ஒருமுறை அப்படித்தான் வெறும் பையோடு திரும்பி வந்தார்கள்.