பதின்மூன்று வயதுச் சட்டத்தரணியும் வவுனிக்குளத்து நாகும்

அன்புள்ள ஐயாவுக்கு,

இலங்கையின் வன்னியில், துணுக்காய்ப் பக்கத்து நூலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். சனிக்கிழமை பின்னேரங்களில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் கூடி வாசிப்பார்கள். ஆங்கிலமும் கொஞ்சம் பிடிபடட்டும் என்று ஜோன் கிரிஷாமின் 'தியோடர் பூன்' முதல் புத்தகத்தை எடுத்தோம். ஒரு பக்கத்தை ஆங்கிலத்தில் வாசிப்பது, பிறகு அதைத் தமிழில் சொல்லிப் பார்ப்பது. ஏழு கிழமை போனது. முடிந்த அன்று பெரியவர்கள் சிலரையும் கூப்பிட்டிருந்தோம். கூப்பிடாமல் இருந்திருக்கலாமோ என்று இப்போது நினைக்கிறேன். சண்டையே வந்துவிட்டது.

எட்டாம் வகுப்புப் பெடியன் ஒருவன் தானும் சட்டத்தரணியாக வரப்போவதாகச் சொன்னான். பள்ளிக்கூடத்தில் கூடப்படிக்கிறவர்களுக்குத் தியோ சட்டம் சொல்லிக்கொடுக்கிற இடங்கள் அவனுக்கு நன்றாகப் பிடித்துப்போயின. சாதாரண தரம் எழுதப்போகிற பிள்ளை ஒருத்தி, "இது ஏமாத்துக் கதை. கொலைகாரனுக்கு என்ன நடந்தது எண்டு சொல்லாமல் முடிச்சுப்போட்டார்" என்றாள். கோட்டில், அதாவது நீதிமன்றத்தில், மொழிபெயர்க்கிற முதலியாராக இருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர், "பாதிப் புத்தகம் சட்டப் பாடம். மிச்சம் நடக்காத காரியம். பள்ளிப் பெடியன் நீதவானின்ரை அறைக்குள்ளை போய்க் கதைக்கிறானாம்" என்று சிரித்தார்.

மகனைக் கூட்டிப்போக வந்த ஒரு தாய், புத்தகத்தை வாசிக்காதவர், கதையை மட்டும் கேட்டுவிட்டு, "கண்டதைச் சொல்லாமல் இருந்தான் பாருங்கோ, அந்தப் பெடியன், அவன் செய்ததுதான் சரி" என்றார். அதற்குப் பிறகு ஒருவரும் பேசவில்லை.

எனக்கும் ஒரு சந்தேகம் வந்துவிட்டது. எங்கள் பிள்ளைகளுக்கு இதைக் கொடுத்தது பிழையோ? இங்கே கோடு என்றால் வழக்கைத் தள்ளிப்போடுகிற தவணை, அலைச்சல், பஸ் காசு. அதற்குள் இப்படி ஒரு பளபளப்பான கதையைக் கொடுத்து வீண் நம்பிக்கையை வளர்க்கிறேனா? எங்கள் மண்ணில் இப்படி ஒன்றை எழுத முடியுமா?

கடைசியாக ஒன்று. ஆறாம் வகுப்புப் பொடியன் ஒருவன் உங்களிடம் கேட்கச் சொன்னான். தியோவின் நாய்க்குப் பெயர் 'ஜட்ஜ்'. இங்கே ஒரு நாய்க்கு 'நீதவான்' என்று பெயர் வைத்தால் பொலிஸ் பிடிக்குமா?

அன்புடன்,
ஒரு வாசகி

*

வணக்கம் பிள்ளை,

முதலில், புத்தகத்தை வாசிக்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2010இல் வந்த நாவல். அமெரிக்காவில் ஸ்ட்ராட்டன்பர்க் என்ற ஒரு கற்பனைச் சிற்றூர். தியோவுக்குப் பதின்மூன்று வயது. தாயும் தகப்பனும் சட்டத்தரணிகள். ஊரில் ஒரு பணக்காரர் மனைவியைக் கொன்றதாக வழக்கு நடக்கிறது. கண்ட சாட்சி இல்லை, எதிரி, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர், தப்பிவிடுவார் போலிருக்கிறது. உண்மையில் கண்டவன் ஒருவன் இருக்கிறான். பக்கத்துக் கோல்ப் மைதானத்தில் வேலை செய்கிறவன், மத்திய அமெரிக்காவில் இருந்து பதிவில்லாமல் வந்தவன். கோட்டுக்கு வந்தால் நாடுகடத்தி விடுவார்கள் என்று பயந்து ஒளிந்திருக்கிறான். இது தியோவுக்குத் தெரியவருகிறது, ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று வாக்கும் கொடுத்துவிட்டான்.

கோல்ப் என்றால் என்னவென்று எப்படி விளங்கப்படுத்தினீர்களோ தெரியாது. எனக்கு அதுதான் பெரிய மர்மமாக இருந்திருக்கும்.

சாதாரண தரப் பிள்ளையின் கோபத்தில் ஞாயம் இருக்கிறது. ஆனாலும் நான் மற்றப் பக்கம் நிற்கிறேன். முடிவில் நீதிபதி அந்த விசாரணையைக் கலைத்துவிடுகிறார். குற்றவாளி என்றும் இல்லை, சுற்றவாளி என்றும் இல்லை. பிறகொரு நாள் புதிய ஜூரிகளோடு, அதாவது தீர்ப்புச் சொல்லச் சனத்துக்குள் இருந்து எடுக்கிறவர்களோடு, முதலில் இருந்து தொடங்கவேண்டும். ஒன்றுமே நடக்காத முடிவு மாதிரித்தான் தெரியும். அவர் அப்படிக் கலைக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவளைக் கேட்டுப் பாருங்கள். ஜூரிகள் விடுதலை என்று சொல்லியிருப்பார்கள். ஒரு குற்றத்தில் இருந்து விடுதலையான ஆளை அதே குற்றத்துக்கு இரண்டாம் தரம் கூண்டில் ஏற்ற முடியாது. அடுத்த நாளே பத்துச் சாட்சிகள் வந்தாலும் பிரயோசனம் இல்லை. ஆகவே கதையில் வென்றெடுத்தது ஒரு தீர்ப்பை அல்ல, ஒரு தவணையை. தவணை கிடைத்தது வெற்றி என்று எழுதிய ஒரே கதை எனக்குத் தெரிந்து இதுதான். எங்களுக்குத் தவணை என்றால் தோல்வி. அதே சொல்தான், இரண்டு ஊரில் இரண்டு பொருள்.

அடுத்த புத்தகத்தை விற்பதற்காகவும் அப்படி முடித்தார் என்று அவள் சொன்னால் நான் மறுக்கமாட்டேன். 2012இல் வந்த மூன்றாவது புத்தகத்தில்தான் அந்த வழக்கு திரும்ப எடுபடுகிறது. அங்கே என்ன ஆகிறது என்று சொல்லமாட்டேன், அவள் வாசிக்கட்டும்.

முதலியார் ஐயா சொன்னதில் பாதி சரி. சட்டம் விளங்கப்படுத்துகிற பக்கங்கள் பள்ளிக்கூடக் குறிப்புப் போலத்தான் இருக்கின்றன. தியோவும் ஒரு பிள்ளை மாதிரி இல்லை, சின்ன அளவில் தைத்த கோட்டுப் போட்ட பெரிய மனிதன். ஆனால் 'நடக்காத காரியம்' என்று அவர் சிரித்துவிட்டுப் போனதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. வழக்குத் தொடங்குகிற அன்று தியோவின் வகுப்பே போய்க் கோட்டின் மேல்மாடத்தில் இருந்து பார்க்கிறது. அதற்கு இடம் ஒதுக்கிக் கொடுப்பவர் நீதிபதி. எங்கள் பிள்ளைகளுக்கு இது ஏன் நடக்காத காரியமாக இருக்கிறது என்று அவரைத்தான் கேட்கவேண்டும். அவருக்கு அந்த வாசல் முப்பது வருடமாவது பழக்கம்.

ஒரு சனிக்கிழமை அவரைப் பிடித்து இருத்தி ஜூரி பற்றிக் கேளுங்கள். அமெரிக்கக் கதையில் பன்னிரண்டு பேர், எல்லோரும் ஒத்துப்போக வேண்டும். எங்கள் நாட்டில் ஏழு பேர், ஐந்துக்கு இரண்டு என்றாலே போதும். ஜூரி வேண்டுமா, நீதிபதி மட்டும் போதுமா என்று எதிரிதான் தெரிவு செய்வார், எந்த மொழி பேசுகிற ஜூரி என்பதும் அதற்குள் வரும். அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குப் பாராளுமன்ற உறுப்பினர் ரவிராஜ் கொலை வழக்கைச் சொல்லலாம். 2006 நவம்பரில் கொழும்பில் சுட்டுக் கொன்றார்கள். 2016 டிசம்பரில், சிங்களம் பேசும் ஜூரிகளின் முன்னால், எதிரிகள் ஐந்து பேரும் விடுதலையானார்கள். ஜூரி என்றால் யார், அவர்களை யார் தெரிவு செய்வது என்று ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை கேட்பதற்கு இந்தப் புத்தகம் வழி திறக்கிறது என்றால், அதில் எத்தனை பாடக்குறிப்பு இருந்தாலும் நான் பொறுத்துக்கொள்வேன்.

சரி, அந்தத் தாய்க்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்ப வாசித்த வரி அவருடையதுதான்.

1978இல் எனக்குப் பன்னிரண்டு வயது. வவுனிக்குளத்துப் பக்கம் எங்கள் காணி. அதற்கு முதல் வருடம் ஓகஸ்டில் நடந்த கலவரத்தில் அடிபட்டு மலையகத்தில் இருந்து நிறையச் சனம் வன்னிக்கு வந்திருந்தது. அப்படி வந்த ஒருவர் எங்கள் பட்டியைப் பார்த்துக்கொண்டார். ஒரு விடியற்காலை, காட்டுக்குள் நின்றுவிட்ட மாட்டைத் தேடி நானும் அவரும் போனோம். மயிர் கருகுகிற மணம் வந்தது. ஒரு பாலை மரத்துக்குப் பின்னால் நெருப்பு. இரண்டு பேர் ஒரு நாகை, இன்னும் கன்று போடாத இளம் பசுவை, விழுத்தி அமத்திப் பிடித்திருக்க, மூன்றாவது ஆள் குறி சுட்டுக்கொண்டிருந்தார். எங்களை அவர்கள் காணவில்லை.

அந்த நாகு எங்கள் பக்கத்து வளவில் இருந்த ஒரு கைம்பெண்ணுடையது. தொடையில் அவருடைய புருஷனின் குறி, 'எ' என்ற எழுத்து. சுட்டவருடைய குறி 'ஏ'. நீங்களே எழுதிப் பாருங்கள் பிள்ளை. கீழே ஒரு சின்ன இழுப்பு, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த இழுப்பைத்தான் சுட்டார்கள்.

விஷயம் ஊர் அலுவலரான விதானையாரிடம் போனது. நாகைக் கொண்டுவந்து கட்டி ஊரே சுற்றி நின்று பார்த்தது. 'ஏ'க்காரர் சொன்னார், "குறி மங்கிப்போச்சுது, அதுதான் திருப்பிச் சுட்டனான்." திருப்பிச் சுட்டிருந்தால் முழு எழுத்தும் புண்ணாக இருக்கவேண்டும். 'எ' பழைய தழும்பாகக் காய்ந்து கிடந்தது, வால் மட்டும் பச்சைப் புண், ஈ மொய்த்தது. அங்கே நின்ற அத்தனை பேருக்கும் கண் இருந்தது. ஆனால் வயலுக்குப் போகிற வாய்க்கால் அவருடைய காணி வழியாகத்தான் வரும். எங்கள் வயலுக்கும் அப்படித்தான். நான் வாயைத் திறக்கப் பார்த்தேன், தகப்பனார் என்னுடைய தோளில் கையை வைத்து அமத்தினார். அந்தக் கையின் பாரம் இப்போதும் தெரியும்.

விதானையார் ஒரு தீர்ப்புச் சொன்னார். "அவிட்டு விடுங்கோ. எந்த வளவுக்குப் போகுதோ அது அவையின்ரை." கன்று போட்ட பசு என்றால் கன்றைத் தேடிப் போயிருக்கும். இது நாகு. நேரே குளக்கட்டில் ஏறியது, புல்லைக் கண்டது, மேயத் தொடங்கிவிட்டது. மத்தியானம் வரைக்கும் எல்லோரும் வெயிலில் நின்றோம். பிறகு குறி யாருடையதோ மாடும் அவருடையது என்று முடிந்தது.

இரவு பட்டியடியில் வைத்து மலையகத்து அண்ணனைக் கேட்டேன். "நீங்கள் பெரிய ஆள்தானே, ஏன் சொல்லவில்லை?" அவர் கன்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னார். "ஸ்டேசனுக்குப் போனா மொதல்ல கார்டக் கேப்பாங்க தம்பி. மாட்டப் பத்தி அப்பறம்தான்." அவரிடம் அடையாள அட்டை இல்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவருடைய தகப்பனை ஒரு நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆள் ஆக்கியிருந்தது. அப்படி நாடற்றுக் கிடந்த இந்திய வம்சாவளி மக்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கிற சட்டம் 2003இல் பாராளுமன்றத்தில் நிறைவேறியபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த நாகின் தொடைதான்.

ஆகவே கோல்ப் மைதானத்துப் பெடியனை எனக்கு முன்பே தெரியும். அமெரிக்க வாசகர்களுக்கு இந்தக் கதையின் நாயகன் தியோ. துணுக்காயில் வாசித்தால் நாயகன் மாறிவிடுகிறான். உங்கள் கூட்டத்தில் புத்தகத்தை வாசிக்காத ஒரே ஆள்தான் அதைக் கண்டுபிடித்தார். அவர் 'சரி' என்று சொன்னதோடு நான் ஒத்துப்போகவில்லை. அந்தக் கைம்பெண்ணின் முகத்தைப் பார்த்தவன் நான். 'பிழை' என்று சொல்லவும் எனக்கு வாய் வராது, தோளில் ஒரு கை இருக்கிறது.

இதனால்தான் 'வீண் நம்பிக்கை' என்ற உங்கள் கவலையை நான் ஏற்கவில்லை. எங்கள் பிள்ளைகளுக்குக் கோடு என்றால் என்னவென்று ஏற்கெனவே தெரியும். காணி உறுதியை மடித்துப் பொலித்தீன் பைக்குள் வைத்துக்கொண்டு போகிற பாட்டியோடு கூடப்போனவர்கள் அவர்கள். கிளிநொச்சிக் கந்தசாமி கோவிலடியில் 2017 பெப்ரவரியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் தொடங்கிய போராட்டத்தைப் பஸ் யன்னலில் இருந்து பார்த்து வளர்ந்தவர்கள். ஒரு புத்தகம் அவர்களை ஏமாற்றிவிடாது. சாட்சி சொல்ல வருகிறவரைப் பாதுகாக்க 2015இல் ஒரு சட்டம் வந்தது, அதை மாற்றி 2023இல் இன்னொன்று வந்தது. அந்தத் தாய்க்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் அது தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். முதலியாரிடம் கேட்கவேண்டிய இரண்டாவது கேள்வி அது.

எங்கள் மண்ணில் எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். எழுதலாம், ஆனால் சின்னச் சட்டத்தரணி வேண்டாம். தேவைப்பட்டால் முதலியாரின் பேரன் ஒருவனை வையுங்கள். தாத்தா ஒரு மொழியில் கேட்டதை இன்னொரு மொழியில் சொல்லும்போது எங்கேயோ ஒரு சொல்லை விட்டுவிட்டார், அது பேரனுக்குத் தெரியவருகிறது. இல்லாவிட்டால் மத்தியஸ்த சபைக்குப் போகிற வேலித் தகராறு ஒன்று. பிணம் விழவேண்டும் என்று கட்டாயம் இல்லை. எட்டாம் வகுப்புப் பெடியன் சட்டத்தரணியாக வரட்டும், சாதாரண தரப் பிள்ளை இதை எழுதட்டும். முடிவில்லாமல் முடித்தால் எப்படி இருக்கும் என்று கோபப்படத் தெரிந்தவளுக்குத்தான் முடிவு எழுத வரும்.

ஆறாம் வகுப்புக்காரனுக்கு: நாய்க்கு 'நீதவான்' என்று பெயர் வைக்கலாம் தம்பி, பொலிஸ் பிடிக்காது. நாயைக் கோட்டுப் பக்கம் கூட்டிப்போய், சத்தமாகக் கூப்பிட்டு, "இரு" என்று மட்டும் சொல்லிவிடாதே.