கதவில் கிடந்த கணக்கு

அன்புள்ள ஐயா,

காட்பாடியில் கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எத்தீரியம், சோலானா இரண்டும் பிளாக்செயின்கள், அதாவது பல கணினிகள் நகல் வைத்துக்கொள்ளும் பொதுக் கணக்கேடுகள். எத்தீரியத்தில் 12 நொடிக்கு ஒரு பிளாக் (பரிமாற்றங்களின் தொகுப்பு), நொடிக்குச் சில பத்துப் பரிமாற்றம்தான். சோலானாவில் 0.4 நொடிக்கு ஒரு பிளாக், நொடிக்கு 65,000 பரிமாற்றம் வரை தாங்குமாம். பிறகு ஏன் பலர் எத்தீரியத்தையே சிறந்த வடிவமைப்பு என்கிறார்கள்? எதைக் கற்கலாம்? சோலானா காயின் வாங்கலாமா?

ச., காட்பாடி

அன்புள்ள ச.,

காயின் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். செமஸ்டர் பணத்தை அதில் போடாதீர்கள், அவ்வளவுதான். எத்தீரியத்துக்கு எழுதும் சாலிடிட்டி மொழியோ, சோலானாவுக்கு எழுதும் ரஸ்ட் மொழியோ, ஒன்றை ஒழுங்காகக் கற்றால் மற்றது தானாக வரும்.

ஆனால் அந்த 65,000 எனக்குக் கோபம் வரவழைக்கிறது. அது ஏட்டுக் கணக்கு. நடைமுறையில் ஓடியது சில ஆயிரம். அதிலும் பெரும்பகுதி, பிளாக்குகளைச் சரிபார்த்து ஏற்கும் கணினிகளான வேலிடேட்டர்கள் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் ஓட்டு. விளம்பரத்தில் வந்த எண்ணை மூன்றாம் ஆண்டு மாணவர் அப்படியே எழுதலாமா? 2021 செப்டம்பரில் சோலானா சுமார் 17 மணி நேரம் நின்றுபோனதை நான் பெரிதாக்க மாட்டேன். கணக்கு அழியவில்லை, மறுபடி ஓடியது. சரி.

நீங்கள் கேட்க மறந்தது, அந்தக் கணக்கின் நகலை யார் வைத்துக்கொள்ள முடியும் என்பதை.

குடியாத்தத்தில் என் அம்மா பீடி சுற்றினார். தெருவில் இருபது பெண்கள் சேர்ந்து ஏலச்சீட்டு போட்டார்கள். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. சமையலறைக் கதவின் உள்பக்கம் கரியால் கோடு போடுவார்: கட்டிய தவணைக்கு ஒரு கோடு, சீட்டு எடுத்தவளுக்கு ஒரு வட்டம். அவர் வீட்டுக்குப் போய்க் கோடு போட்டுவிட்டு வரும்வரை அடுத்த பேச்சைத் தொடங்க மாட்டார்கள். ஒரு ஐப்பசி மழையில் கவுண்டன்யா ஆற்றுத் தண்ணீர் தெருவுக்குள் வந்தது. சீட்டு பிடித்த அக்காவின் நோட்டு ஊறிக் கூழாகிவிட்டது. மறுநாள் எல்லோரும் தங்கள் குறிப்புகளோடு திண்ணையில் உட்கார்ந்தார்கள். இரண்டு பேர் கணக்கில் ஒரு தவணை இடித்தது. கடைசியில் எல்லோரும் எழுந்து எங்கள் வீட்டுக் கதவைப் பார்க்க வந்தார்கள்.

தடித்த லெட்ஜரும் மைப்பேனாவும் இருந்தால்தான் கணக்கு வைக்கலாம் என்றிருந்தால், அம்மா அந்தச் சீட்டில் வெறுமனே பணம் கட்டுகிறவர். கேள்வி கேட்கிறவர் அல்ல.

எத்தீரியத்தின் 12 நொடி, அம்மா கோடு போட்டு முடிக்கக் கொடுத்த நேரம். வேலிடேட்டராக 32 ஈதர் (எத்தீரியத்தின் காயின்) கட்ட வேண்டும், அது ஏழைக்கு எட்டாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சரிபார்க்க மட்டும் ஒரு நோடு, அதாவது கணக்கின் நகலை வைத்திருக்கும் கணினி, ஓட்டுவதென்றால் வீட்டுக் கணினியும் பெரிய எஸ்எஸ்டியும் நல்ல இணைய இணைப்பும் போதும். பிளாக்கின் அளவைக் கட்டுக்குள் வைத்திருப்பதே அதற்காகத்தான். வேகம் வேண்டுமென்றால் அதை மேலே ரோலப்பில் (பரிமாற்றங்களை வெளியே மொத்தமாக முடித்து, சுருக்கத்தை எத்தீரியத்தில் பதியும் மேல்தளம்) வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். சோலானாவில் எல்லா வேகமும் அடித்தளத்திலேயே. ஆகவே வேலிடேட்டருக்கு 256 ஜிபி ராமாவது வேண்டும். சத்துவாச்சாரியில் எந்த வீட்டில் இருக்கிறது அது? நொடிக்கு எத்தனை என்று அளக்கிறீர்கள் தம்பி, எத்தனை கதவில் கோடு விழுகிறது என்று அளந்தீர்களா?

விடுமுறையில் ஒரு எத்தீரியம் நோடு ஓட்டிப் பாருங்கள். முழு நகலும் இறங்க எத்தனை நாள் ஆனது என்று எனக்கு எழுதுங்கள். குடியாத்தம் பக்கம்தானே, அந்தக் கதவையும் ஒரு நாள் வந்து பாருங்கள். இன்னும் பெயின்ட் அடிக்க விடவில்லை நான்.